வீட்டார் சொன்னபடி

லீட்ஸ், இங்கிலாந்து
9.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காவேரி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பனி நின்றுவிட்டது, மழைதான் நிற்க மாட்டேன் என்கிறது. அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? அண்ணியும் உன் செல்ல மகள் வினிதாவும் எப்படி இருக்கிறார்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அம்மா பேசுகிறாள், வினிதா பேசுகிறாள், பக்கத்து வீட்டு ஜோதியம்மாள்கூடப் பேசுகிறாள். கடைசியில் நீ வந்து "அப்புறம்?" என்கிறாய், நான் "அவ்வளவுதான்" என்கிறேன். செத்துப்போன டாக்டர்களின் கடிதங்களையே பன்னிரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒரு ஆள் எனக்கு எழுதினால் என்ன குறைந்துவிடும்? மாதம் ஒன்று எழுது. இது தங்கச்சியின் கட்டளை.

இப்போது சேதி. மூளை ஆய்வின் வரலாற்றைப் பற்றி எழுதப்படும் புத்தகங்களுக்கென்றே இங்கே ஒரு சங்கம் பரிசு கொடுக்கிறது. இந்த வருஷம் கடைசிப் பட்டியலில் ஐந்து புத்தகங்கள். அதில் ஒன்று என்னுடையது! முடிவு செப்டம்பரில்தான் தெரியும்.

அப்படி என்னதான் எழுதினாய் என்று போன தடவை கேட்டாய், ஸ்பீக்கரில் எல்லாரும் கொட்டாவி விட்டீர்கள். இப்போது கேள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் பார்க்க வழி இல்லை. வலிப்பு வந்தவர்களை வைத்துத்தான், மூளையின் எந்த இடம் எந்த உறுப்பை ஆட்டுகிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் வலிப்பு வரும் நேரத்தில் டாக்டர் பக்கத்திலா இருப்பார்? பார்த்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள். "முதலில் வாய் கோணியது, பிறகு கை" என்று மனைவியோ அம்மாவோ வந்து சொல்வார்கள், டாக்டர் எழுதிக்கொள்வார். டாக்டரின் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியது. சொன்னவளுக்குக் குறிப்பில் "மனைவி" என்ற ஒரு சொல்தான். அந்த மனைவிமாரை நான் தேடிப் போனதுதான் புத்தகம். பெயரைத் தமிழில் சொன்னால் "வீட்டார் சொன்னபடி".

முடிவு தெரியும்வரை ஊரில் யாரிடமும் சொல்லாதே. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உன் தங்கை
காவேரி


கெலமங்கலம்
30.3.2025

அன்புத் தங்கச்சி காவேரிக்கு அண்ணன் முனிராஜ் எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, தக்காளி விலையும் சேர்ந்து வடிந்துவிட்டது. கம்பெனியில் புது பிரஸ் மெஷின் வந்திருக்கிறது. இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் ஒரே அழுத்தில் கார் கதவின் பாகமாக வெளியே வரும். ஷிப்டில் என்னைத்தான் அதற்குப் போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் பெருமைதான்.

நீ சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா ஜோதியம்மாளிடம் மட்டும் சொன்னாள். ஜோதியம்மாள் ஜெராக்ஸ் கடை பிரதாப்பிடம் மட்டும் சொன்னாள். அவன் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறவன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பேனர். "மூளைத் துறையில் உலகப் பரிசு வென்ற கெலமங்கலத்தின் தங்க மகள்" என்று போட்டு, உன் கல்லூரிப் போட்டோவுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் தொங்கவிட்டிருக்கிறான். பக்கத்தில் அவன் படம், உன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

"டேய், இன்னும் ஜெயிக்கலடா. அவ ஊசி போடற டாக்டரும் இல்ல" என்றேன். "அண்ணா, பேனர் அடிச்சாச்சு. அங்க மட்டும் என்ன, குடுக்காமயா போயிருவாங்க?" என்கிறான்.

இப்போது வீட்டு வாசலில் கூட்டம். நீ ஊருக்கு வந்தால் காட்டுவதற்கென்று ஸ்கேன் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஜோதியம்மாள் முட்டி எக்ஸ்ரேயைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "மூளை பார்க்கறவளுக்கு முட்டி பெரிசா?" என்று ஒரே போடு. திட்டாமல் பதில் எழுது.

அண்ணன்
முனிராஜ்


லீட்ஸ்
15.4.2025

அன்புள்ள அண்ணா,

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. நான் தனியாகப் பாயசம் வைத்து, தனியாகவே தீய வைத்து, தனியாகவே தின்றேன். உடம்பு நலம். நீங்கள் எல்லாரும் நலம்தானே?

பேனரைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனாலும் வெள்ளைக் கோட்டை மட்டுமாவது அழிக்கச் சொல். நான் வரலாறு படித்தவள், காய்ச்சலுக்கு மாத்திரைகூடத் தெரியாது. ஜோதியம்மாளின் முட்டியை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிடு.

ஆனால் வருகிறவர்களை வெறும் கையோடு அனுப்பவும் மனசு வரவில்லை. யாராவது வலிப்பு என்று வந்தால் எனக்குத் தெரிந்த இவ்வளவையும் சொல். வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்க வேண்டாம். ஒருபக்கமாகப் படுக்க வைத்து, பக்கத்தில் இருந்து, எங்கே தொடங்கியது, எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். பிறகு நரம்பு டாக்டரிடம் போய்ப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு மருந்திலேயே அடங்கிவிடும். மறைத்து வைப்பதுதான் ஆபத்து.

புது மெஷினில் ஜாக்கிரதையாக இரு. வினிதா பரீட்சை எப்படி எழுதினாள் என்று எழுது.

அன்புடன்
காவேரி


கெலமங்கலம்
7.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வெயில் கொளுத்துகிறது, மற்றபடி அனைவரும் நலம். வினிதா நன்றாகத்தான் எழுதியிருக்கிறாளாம், கணக்கைத் தவிர. பேனரில் கோட்டை அழிக்கச் சொன்னேன். பிரதாப் கோட்டின்மேல் ஒரு மாலை ஒட்டிவிட்டான். இப்போது பார்த்தால் நீ செத்துப்போனது போல இருக்கிறது. அம்மா போட்ட சத்தத்தில் மாலையைக் கிழித்தான், கோட்டு பழையபடி இருக்கிறது.

நீ எழுதியதை வந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் சாவி இல்லாமல் எப்படி என்று இன்னும் யோசிக்கிறார்.

கம்பெனியில் ஒரு ஆள் ஒன்று கேட்கச் சொன்னார். பெயர் வேண்டாம் என்கிறார், இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். அவருக்கு முதலில் இடது கட்டை விரலுக்குள்ளே எறும்பு ஊர்வது போல இருக்குமாம். வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் அந்த விரல் தன்னுடையதே இல்லை, யாரோ கொண்டுவந்து வைத்தது என்று தோன்றுமாம். அதற்குப் பிறகுதான் துடிக்கும். மணிக்கட்டுக்கு ஏறும், சில நேரம் முழங்கைவரை. ஆள் கீழே விழுவதில்லை, நினைவும் தப்புவதில்லை. நின்ற பிறகு கொஞ்ச நேரம் கை சொன்ன பேச்சு கேட்காது. ஆள் விழாதபோது இதை வலிப்பு என்று சொல்ல முடியாதுதானே? அவரும் பிரஸ் மெஷினில்தான் நிற்கிறார். வீட்டில் செப்டம்பரில் ஒரு நல்ல காரியம் இருக்கிறதாம். அதுவரை இப்படியே ஓட்டிவிட்டு அப்புறம் டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாயசம் வைக்கும்போது அடுப்பைச் சிறியதாக வை.

அண்ணன்
முனிராஜ்


லீட்ஸ்
22.5.2025

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தை வகுப்புக்கு ஓடும் வழியில் படித்துவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

அந்த ஆள் சொல்வது என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம்! கட்டை விரலில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை என்று படிப்படியாக ஏறுகிற வலிப்பு. இதைக் கவனித்துத்தான் மூளையில் விரலுக்கு ஒரு இடம், அதன் பக்கத்தில் கைக்கு ஒரு இடம் என்று வரிசை இருப்பதே தெரிந்தது. விழாவிட்டாலும் இது வலிப்புதான். இடது கை என்றால் மூளையின் வலது பக்கத்தில் ஏதோ ஒன்று உறுத்துகிறது. ஸ்கேன் எடுத்தால் தெரியும், பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதாகவே இருக்கும்.

செப்டம்பர் என்ன, நாளைக்குவரைகூடத் தள்ளக் கூடாது. பிரஸ்ஸில் நிற்கவே கூடாது. பைக் ஓட்டக் கூடாது. இதை அவரிடம் இன்றைக்கே சொல். எறும்பு ஊர்வது போல என்றாராமே, அவ்வளவு துல்லியமாக நான் பழைய குறிப்புகளில்கூடப் படித்ததில்லை. அவர் சம்மதித்தால் ஒருநாள் அவரோடு பேச வேண்டும்.

அம்மாவிடம் என் சௌக்கியத்தைச் சொல்.

காவேரி


லீட்ஸ்
29.6.2025

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. போனில் "வேலை ஜாஸ்தி" என்கிறாய், ஸ்பீக்கரில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நேற்று மாணவர்களுக்கு ஒரு பழைய நோயாளிக் குறிப்பைக் கொடுத்து, இதில் எந்த வரியை யார் சொன்னார்கள் என்று பிரிக்கச் சொன்னேன். எல்லா வருஷமும் கொடுக்கிற பயிற்சிதான். பக்கத்தில் இருந்து பார்த்தவர் துடிப்பைச் சொல்வார், கோணலைச் சொல்வார். உள்ளே எப்படி இருந்தது என்று அனுபவித்தவர் மட்டுமே சொல்ல முடியும். பாடத்தை முடித்துவிட்டு அறைக்கு வந்து உன் மே மாதக் கடிதத்தை எடுத்து அதே போலப் பிரித்தேன்.

அதில் வெளியே இருந்து பார்த்த ஆளே இல்லை. யாரிடமும் சொல்லாதவர் உன்னிடம் மட்டும் எறும்புவரை சொன்னாரா? விரல் யாரோ கொண்டுவந்து வைத்தது போல என்று கம்பெனியில் ஒருவர் இன்னொருவரிடம் டீக்கடையில் நின்று சொல்வாரா? செப்டம்பரில் நல்ல காரியம் யார் வீட்டில், என் பரிசுதானே? அது நீதான். நான் உன்னை மூன்றாம் அத்தியாயம் என்று குதித்து எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் அழுகை வருகிறது.

கடிதம் வரும்வரை காத்திருக்க முடியாது என்று இன்று காலை அண்ணிக்குத் தனியாகப் போன் செய்தேன். "தெரியும்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அழுதார்கள். நீ கோபித்துக்கொள், பரவாயில்லை. நீ மெஷினுக்குக் கை கொடுத்துத்தான் எனக்குப் பரிசு வர வேண்டும் என்றால் அது எனக்கு வேண்டாம். ஜூலை முடிவதற்குள் டாக்டரிடம் போகவில்லை என்றால் நான் விமானம் ஏறி வந்துவிடுவேன். பரிசு விழாவுக்கு வேறு யாராவது போகட்டும்.

உன் தங்கை


கெலமங்கலம்
19.7.2025

பிரியமுள்ள காவேரிக்கு அண்ணி சுஜாதா எழுதுகிறேன்.

அத்தை நலம், வினிதா நலம், உன் அண்ணனும் இப்போது நலம் என்று சொல்லலாம். நான் ஆனேக்கல்லில் கன்னடத்தில் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். வினிதாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் தமிழ் எழுதக் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அவர் எழுதட்டும் என்று காத்திருந்தேன். வெட்கப்படுகிறார். அதனால் நானே எழுதுகிறேன். மாசி மாதம் களி தின்றுகொண்டிருந்தபோது தட்டைப் பிடித்திருந்த இடது கட்டை விரல் தனியாக ஆடியது. அவர் கவனிப்பதற்கு முன்பே நான் பார்த்தேன். கேட்டால் மழுப்பினார். பிறகு முழங்கைவரை ஏறியதையும் பார்த்தேன். காவேரிக்குப் பரிசு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வினிதாவின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். சொல்ல முடியாமல் ஒன்று மட்டும் செய்தேன். பைக் சாவியை அரிசிப் பானையில் போட்டுவிட்டேன். சாவி தொலைந்தது என்று தேடித் தேடி, அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போனார். மெஷினை ஒளித்துவைக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

நீ போன் செய்த மறுநாளே சண்டை போட்டு பெங்களூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கன்னடக்காரர், சின்ன வயசு. இவரைக் கேட்டால் "ஒன்றுமில்லை சார், சும்மா விரல் ஆடும்" என்கிறார். டாக்டர் என் பக்கம் திரும்பி "யாரு நோடித்து?" என்றார், யார் பார்த்தது என்று. "நானே" என்றேன். முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தாமல் எழுதினார். மேலே "மனைவி கூறியது" என்று எழுதியிருந்தார். உன் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று உன் அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார். அதனால், "சார், ஹெசரு பரெயிரி, பெயரை எழுதுங்கள்" என்று கேட்டேன். ஏன் என்றார். பின்னால் யாராவது படிப்பார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே "சுஜாதா" என்று எழுதினார்.

ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் ஒரு சின்னக் கட்டி. புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறித் தங்கியதாம். சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியில், தண்ணீரில் வருமாம். நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறதாம், மருந்திலேயே கரையுமாம். "என் சமையல்ல புழுவா?" என்று அத்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது கொத்தமல்லியை மூன்று தண்ணீரில் கழுவுகிறார்கள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. இனி எனக்கும் எழுது.

அண்ணி
சுஜாதா


கெலமங்கலம்
12.8.2025

அன்புத் தங்கச்சி காவேரிக்கு,

அண்ணன்தான். நலமாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாக.

உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு என் வரிகளைப் பிரித்து மேய்கிறாளே என்று. அப்புறம் ஒருநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டியைக் காட்டினார். ஒரு வெள்ளைப் புள்ளி, கொண்டைக்கடலை அளவுகூட இல்லை. இதற்காகவா நான் நாலு மாதம் என்னையும் பெண்டாட்டியையும் வதைத்தேன் என்று கண் கலங்கிவிட்டது. நீ சுஜாதாவுக்குப் போன் செய்திருக்காவிட்டால் என் கை இந்நேரம் எங்கே இருந்திருக்குமோ தெரியாது. உனக்கு நன்றி சொல்வது எனக்குப் பழக்கமில்லை, இதையே வைத்துக்கொள்.

ஏன் மறைத்தாய் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் உன் பேனர் நிற்கிறது. மூளைக்குப் பரிசு வாங்கியவளின் அண்ணனுக்கே மூளையில் கோளாறு என்று ஊர் சிரிக்கும் என்று தோன்றியது. நாளைக்கு வினிதாவுக்கு வரன் பார்க்கும்போது வலிப்புக்காரன் மகள் என்பார்கள். கம்பெனியில் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சேர்ந்துகொண்டது.

ஒன்று பாக்கி இருக்கிறது. கம்பெனியில் மஞ்சள்காமாலை என்று சொல்லித்தான் லீவில் இருக்கிறேன். மெஷினில் நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் பீரோவில் தூங்குகிறது. அடுத்த மாதம் வேலைக்குப் போனால் நேராக அந்த பிரஸ்ஸில்தான் நிறுத்துவார்கள். சொல்லவும் பயம், சொல்லாமல் நிற்கவும் பயம். சுஜாதா என் முகத்தையே பார்க்கிறாள். பார்ப்பதுதான் அவள் வேலை ஆகிவிட்டது.

உன் முடிவு வந்ததும் எழுது.

அண்ணன்
முனிராஜ்


லீட்ஸ்
14.9.2025

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம் என்று அண்ணியின் கடிதத்தில் தெரிந்தது. இப்போதெல்லாம் உன்னைவிட அவர்கள்தான் ஒழுங்காக எழுதுகிறார்கள்.

பரிசு எனக்கு இல்லை. தவளைக் கால்களில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்த ஆட்களைப் பற்றி ஒரு இத்தாலியப் பேராசிரியை எழுதிய புத்தகத்துக்குப் போய்விட்டது. நல்ல புத்தகம், நானே இரண்டு முறை படித்திருக்கிறேன். மேடையில் அவர் பெயரைச் சொன்னதும் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினேன், பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். வலித்தது, அண்ணா. பன்னிரண்டு வருஷ உழைப்பு. வலிக்கவில்லை என்று உன்னிடம் மட்டும் சொல்ல முடியாது.

விருந்தில் நடுவர்களில் ஒரு வயதான அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த மனைவிமாரைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றார். நான் அவரிடம் அண்ணியைப் பற்றிச் சொன்னேன், பெயரை எழுதச் சொன்னதை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். வீட்டுக்கு வரும்போது எனக்கு அழுகை இல்லை. அடுத்த புத்தகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இனி உன் சான்றிதழ் விஷயம். கம்பெனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வேலை போனாலும் போகலாம், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அந்த மெஷின் முன்னால் நிற்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டேன்.

காவேரி


கெலமங்கலம்
9.11.2025

அன்புத் தங்கச்சி காவேரிக்கு,

எல்லாரும் நலம். மழை நன்றாகப் பெய்து கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். நீ இரண்டு மாதமாகப் பதில் எதிர்பார்த்து ஓய்ந்திருப்பாய். சொல்வதற்கு ஏதாவது சேரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

முதலில் உன் பரிசு. பிரதாப்பிடம் சொன்னேன். "ஜெயிச்சதுன்னு போட்டாச்சுண்ணா, இனிமே தோத்தா ஊருக்குத்தான் அசிங்கம்" என்று பேனரை எடுக்க மறுத்துவிட்டான். ஐப்பசிக் காற்று எடுத்துக்கொண்டு போனது. அம்மாவுக்குத்தான் வருத்தம். அந்த இத்தாலிக்காரியின் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள் என்று சமாதானம் சொன்னேன். எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை.

அப்புறம் நான். வேலைக்குப் போன முதல் நாள் ஷிப்டுக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திப் பாதுகாப்பு பற்றிப் பேசுவார்கள். சூப்பர்வைசர் சுரேந்தர் வழக்கம் போல "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். யாரும் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"எனக்குச் சொல்லணுங்க. மஞ்சக்காமாலை இல்லீங்க. எனக்கு வலிப்பு வந்துது. மருந்து சாப்பிடறேன். மெஷின்ல நிக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்கறாரு" என்று சான்றிதழை நீட்டினேன்.

சுரேந்தர் படித்துவிட்டு, "இத்தன நாள் இதோடயா நின்ன?" என்று கேட்டார். திட்டுகிறாரா என்று தெரியவில்லை, அவர் முகமும் வெளுத்திருந்தது. மேலே பேசி என்னைப் பரிசோதனைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வந்த பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஓவர்டைம் கிடையாது. கேண்டீனில் சில நாள் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. உள்ளுக்குள் உடைந்துதான் போனேன். இப்போது பழையபடி உட்காருகிறார்கள், என் தட்டில் இருந்து வடையையும் எடுக்கிறார்கள்.

போன வாரம் மறுபடி ஸ்கேன். கட்டி கரைந்துவிட்டது, வடு மட்டும் இருக்கிறது. மாத்திரையை இன்னும் கொஞ்ச காலம் நிறுத்தக் கூடாதாம். ஜூலைக்குப் பிறகு விரல் ஆடவே இல்லை. டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் சுஜாதா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. எங்கள் ஷெட்டில் மதுரைவீரன் என்று ஒருவன், ராமநாதபுரத்துப் பையன், மத்திகிரியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். நான் சபையில் பேசிய நாலாம் நாள் சைக்கிள் ஸ்டாண்டில் வந்து நின்றான். "அண்ணே, எனக்கும் வருதுண்ணே. ஆனா எனக்கு நெனப்பே இருக்காது. கூட இருந்த பயலுக சொல்லித்தான் தெரியும். இப்ப அவய்ங்களும் பயந்துக்கிட்டு ரூம காலி பண்ணிட்டாய்ங்க" என்றான். இவனைத் தனியாக விட்டால் யார் பார்ப்பது? நம் வீட்டு மாடி அறையைக் கொடுத்துவிட்டேன். சுரேந்தரிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டான், அவனும் மெஷினில் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது அவனுக்கு வலிப்பு வந்தது. அம்மா சாவியைத் தேடி ஓடினாள், நான் வேண்டாம் என்றேன். ஒருபக்கமாகப் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் தலை வலது பக்கம் திரும்பியது. கண்ணும் அந்தப் பக்கமே போனது. பிறகு வலது கை விறைத்தது, அப்புறம் உடம்பு முழுக்க. அடங்கியதும் என்னை யார் என்று கேட்டான், சொன்னேன். உள்ளே அவனுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். பயமாகத்தான் இருந்தது, காவேரி. சுஜாதா இவ்வளவையும் தனியாகப் பார்த்துக்கொண்டு எப்படி வாயை மூடி இருந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது.

நாளைக்கு லீவு போட்டு அவனை பெங்களூருக்கு அழைத்துப் போகிறேன். யார் பார்த்தது என்று டாக்டர் கேட்டால் முனிராஜ் என்று எழுதச் சொல்வேன். அவனுடைய அம்மா பரமக்குடியில் இருந்து ரயில் ஏறிவிட்டாள்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, வா. எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள்.

உன் அண்ணன்
முனிராஜ்